கேட்டைத் தாண்டாத சோறு

1950-களில் மலாயாவின் பல பகுதிகளில் மத்தி மீன் டின் வாங்கப் போனால், கடைக்காரர் அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். வாங்குகிறவர் கண் முன்னாலேயே மூடியில் ஒரு துளை போட்டுத்தான் கொடுப்பார். அது சட்டம். அந்த நாட்டில் அப்போது கூர்க்காப் படை இருந்தது. பிரிட்டிஷ் காலாட்படை இருந்தது. ஃபிஜித் தீவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த பட்டாளங்கள் இருந்தன. காட்டில் தடம் பார்த்துச் சொல்ல போர்னியோவின் இபான் பழங்குடியினர் இருந்தார்கள். வானத்தில் லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. இவ்வளவையும் கையில் வைத்திருந்த அரசாங்கம், பலசரக்குக் கடைக்காரர் போடும் துளையையும் ஓர் ஆயுதமாக எண்ணியது. அந்த எண்ணம் பலித்தது என்பதுதான் விசேஷம்.

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயா கம்யூனிஸ்ட் கட்சி காட்டுக்குள் போனது. சின் பெங் தலைமையில் உச்சக்கட்டத்தில் ஏழெட்டாயிரம் பேர் ஆயுதம் ஏந்தி நின்றார்கள், பெரும்பாலும் சீனர்கள். 12 வருஷம் நடந்த சண்டைக்குக் கடைசிவரை ‘போர்’ என்று பெயர் வைக்கவில்லை. போர் என்று சொல்லிவிட்டால் லண்டன் காப்பீட்டுக் கம்பெனிகள் ரப்பர் தோட்டத்து நஷ்டத்துக்குப் பணம் தராது என்பதே காரணம் என்று சொல்வதுண்டு.

நம் ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொல்லி 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். காட்டுக்குப் போகாமல், சங்கமும் வேண்டாம் சண்டையும் வேண்டாம் என்று காலையில் மரம் சீவப் போன லட்சக்கணக்கான தமிழர்கள் வேறு விதமாக இந்தச் சண்டைக்குள் இழுக்கப்பட்டார்கள். பழைய ராமநாதபுரம் ஜில்லாவும் மலாயாவுக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று. வானம் பார்த்த கரிசல் காட்டில் ஐப்பசி, கார்த்திகை பொய்த்தால் கண்மாய் வெடிக்கும், கம்பு கருகும், கடன் ஏறும். கங்காணி வந்து நிற்பான். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கில் இறக்கம்.

இனி வயிற்றுக் கணக்குக்கு வருவோம். காட்டில் மூட்டை சுமந்து மலையேறி இறங்குகிற ஆளுக்கு, சோற்றையே நம்பினால், நாளுக்கு 600 கிராம் அரிசியாவது வேண்டும். எட்டாயிரம் பேருக்கு என்றால் தினமும் ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய நூறு மூட்டை. மலாயாக் காடு பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால் மனிதன் தின்று செரிக்கக்கூடிய மாவுப்பொருள் அதில் அபூர்வம். மழைக்காட்டு மரம் தன் சக்தியைத் தண்டிலும் இலையிலும் போட்டு வைக்கிறது. அந்த நார் கறையானுக்கு ஆகும், நமக்கு ஆகாது. ஆகவே அரிசி வெளியிலிருந்துதான் போக வேண்டும். காட்டோரத்தில் குடிசை போட்டு வாழ்ந்த சீன விவசாயிகளும், ‘மின் யுவென்’ என்ற ஆதரவாளர் வலையும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சிலர் விரும்பிக் கொடுத்தார்கள், சிலர் பயந்து கொடுத்தார்கள்.

1950 ஏப்ரலில் ராணுவ நடவடிக்கைகளின் இயக்குநராக வந்த ஹெரால்டு பிரிக்ஸ் இந்த இடத்தைத்தான் பிடித்தார். காட்டுக்குள் போய் ஆளைத் தேடுவதைவிட, ஆளுக்குச் சோறு போகிற வழியை அடைப்பது லேசு. அதற்கு வசதியாக மலாயா தன் அரிசியில் பெரும்பங்கைத் தாய்லாந்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைக்குக் கணக்கு உண்டு. வயலில் விளைவதற்கு ஏது? ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றப்பட்டு, முள்கம்பி வேலி போட்ட ‘புதுக்கிராமங்களில்’ இறக்கப்பட்டார்கள். அதே போல ஆறு லட்சம் தோட்டத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் வேலை செய்த இடத்திலேயே வேலிக்குள் கொண்டுவரப்பட்டார்கள். சிதறிக் கிடந்த லயங்கள் ஒரே இடத்தில் நெருக்கப்பட்டன. சுற்றிலும் கம்பி, இரவில் விளக்கு, ஒன்றோ இரண்டோ கேட்.

இந்த யுத்தத்தின் உண்மையான போர்முனை அந்தக் கேட்தான் என்பேன். அங்கே நின்றவர்கள் பேர்போன பட்டாளத்துக்காரர்கள் இல்லை. அவசரமாக ஆள் சேர்த்துத் துப்பாக்கி கொடுத்து நிறுத்தப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், ஊர்க்காவல் படையினர், பெண்களைச் சோதிக்கப் பெண்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் மட்டும் சுமார் நாற்பதாயிரம் பேர், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். ஊர்க்காவல் படை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அரிசி ரேஷன் அட்டைக்கு அளந்து போடப்பட்டது. கேட்டுக்கு வெளியே உணவு எதையும் கொண்டுபோகக் கூடாது. சைக்கிள் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்ப்பார்கள், ஏனென்றால் அதற்குள் அரிசி போனது. ரப்பர் பால் வாளிக்கு இரண்டாவது அடித்தட்டு போட்டு அதற்குள்ளும் போனது. உடுப்புக்குள் தைத்தும் போனது.

எவ்வளவு தடவினாலும் அரிசி கசியத்தான் செய்தது. ஒரு கைப்பிடி அரிசி மடிக்குள் ஒளியும். ஆயிரம் பேர் மடியில் ஒளிந்தால் அது ஒரு மூட்டை. 1950-களின் நடுவில் சில பகுதிகளில் இன்னொரு படி மேலே போனார்கள். அரிசியை வீட்டுக்கே கொடுப்பதில்லை. பொதுச் சமையற்கட்டில் பொங்கி, சோறாகவே அளந்து கொடுத்தார்கள். ஜனம் பாத்திரத்தோடு வரிசையில் நின்றது. வீட்டில் உலை வைக்கும் உரிமையே பறிபோனது.

ஏன் சோறு? இதற்கு விளக்கம் எங்கள் பக்கத்து எந்த அடுப்படியிலும் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த அரிசியில் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்குதான். அந்த ஈரமும் மாவுச்சத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கிருமிக்குக் குடிக்கக் கிடைக்காது. அரிசி மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது இதனால். உலையில் போட்டதும் சுமார் 70 டிகிரி வெப்பத்தில் மாவுமணிகள் உப்பித் தண்ணீரை இழுத்துக்கொண்டு குழைகின்றன. வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். நமக்குச் செரிக்க எளிதான அதே நிலையில் கிருமிக்கும் அது எளிது. பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரி அரிசியோடு வயலிலிருந்தே வருவது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறியதும் முளைத்து, முப்பது டிகிரி புழுக்கத்தில் அரைமணிக்கு ஒருதரம் இரட்டித்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்று ஒரு கோடியைத் தாண்டிவிடும். நூல் விட்டுப் போகிற சோற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை.

கெடுவதோடு விஷயம் முடியவில்லை. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. நூறு கிராம் சோற்றில் 130. அதே வயிற்றை நிரப்ப இரண்டரை மடங்குக்கு மேல் எடை தூக்க வேண்டும். 600 கிராம் அரிசியை உடம்பில் பரப்பிக் கட்டி மறைத்துவிடலாம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஈரச் சோற்றை எதில் மறைப்பது? மறைத்தாலும் அது மறுநாள் மாலைவரை தாங்காது. காட்டு ஆள் வாரக்கணக்கில் சேமித்து வைக்க முடியாத, அன்றன்றைக்கே வந்து வாங்கித் தீர வேண்டிய பண்டமாக அரிசி மாறிவிட்டது. தினம் வருகிறவன் என்றாவது ஒருநாள் மாட்டுவான். வேலி ஓரத்தில் பதுங்கியிருந்த கூர்க்காக்கள் காத்திருந்தது அதற்குத்தான்.

கரிசல்காட்டு வாசகர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நீச்சத்தண்ணியாகி மறுநாளும் இருக்குமே? இருக்கும். தண்ணீருக்குள் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. அந்தப் புளிப்பில் மற்றவை தலையெடுப்பதில்லை. ஆனால் பழைய சோற்றுக்குப் பானை வேண்டும், சோற்றுக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது நடக்காத காரியம். புளிப்பும் ஒன்றிரண்டு நாளைக்குத்தான் காவல். சரி, காயப்போட்டால்? சோற்றைப் பிழிந்து வெயிலில் போட்டால் வத்தல் ஆகிவிடாதா? அருப்புக்கோட்டை வெயிலில் ஆகும். மாசி பிறந்தால் மொட்டைமாடி கொள்ளாமல் கூழ்வத்தலும் சீனியவரை வத்தலும் மிதுக்கவத்தலும் மோர்மிளகாயும் கிடக்கிற ஊர் இது; இரண்டு வெயிலில் முறுகிவிடும். மலாயாக் காட்டில் மரக்கூரைக்குக் கீழே வெயில் தரையைத் தொடுவதே அபூர்வம், காற்றிலேயே ஈரம் சொட்டும். நெருப்பில் வாட்டினால் புகை மேலே போய் விமானத்துக்கு ஆள் காட்டிக் கொடுக்கும். கரிசல் சமையலின் மூன்று காவல்களான வெயில், புளிப்பு, வறுப்பு ஆகியவற்றில் ஒன்றுகூட அங்கே எடுபடவில்லை.

டின்னில் போட்ட துளையும் இதே சூத்திரம்தான். டின்னுக்குள் இருப்பது மூடிய பிறகு சூடேற்றிக் கிருமி நீக்கிய உணவு, வருஷக்கணக்கில் கெடாது. ஒரு துளை விழுந்துவிட்டால் அந்த வருஷங்கள் ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கிவிடும். மத்தி மீனுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். சர்க்கரை போட்ட கெட்டிப்பாலுக்கு அவ்வளவு பொருந்தாது. அதிலிருக்கும் சர்க்கரையே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் துளை இருந்தாலும் சில நாள் தாங்கும். ஆனால் ஒழுகும், எறும்பு மொய்க்கும்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், அரிசி என்றால் மலாயாவுக்கு ஒரு பழைய கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிபெரி நோயால் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பக்கத்திலேயே இருந்த தமிழர்களை அது தொடவில்லை. பிராடன் என்ற மருத்துவர் சாப்பாட்டைப் பார்த்தார். சீனர்கள் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் 18 பேர் இறந்தார்கள்; புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய தவிட்டிலிருக்கும் பி-1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் ரகசியம் என்பது பின்னால் தெரியவந்தது. யோசித்துப் பார்த்தால் புழுங்கலரிசியே ஒருதரம் வெந்து, மறுபடி காய்ந்த அரிசிதான். வெந்ததைக் காயவைத்தால் உயிர் காக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டிய அதே மண்ணில், வெந்ததைக் காயவிடாமல் தடுத்து ஒரு யுத்தம் நடத்தப்பட்டது.

கேட்டில் நின்ற வரிசைக்கு இன்னொரு விலையும் இருந்தது. ரப்பர் மரத்துப் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் உண்டு. இரவில் இலைகள் மூச்சுவிட்டு நீர் இழப்பது குறைவதால் அந்தக் குழாய்களில் நீரழுத்தம் ஏறி, விடிகாலையில் உச்சத்தில் இருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் மங்கு என்ற கிண்ணத்தில் பால் தாரையாக விழும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கிப் பால் சொட்டாகும். மரம் சீவுகிறவர்கள் இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்பது இதற்காகத்தான். வேலி வந்த பிறகோ ஊரடங்கு முடிந்து கேட் திறக்க வேண்டும், ஒவ்வொரு ஆளையும் வாளியையும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை நகரும்வரை மரம் காத்திருக்காது. சாப்பாட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் மதியம்வரை வெறும் வயிறு. மரத்துக்கு மரம் நடந்து, வாளி தூக்கி, பால் சேர்த்து ஆலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டுக்குள் வந்து சோற்றைப் பார்க்க முடியும். காட்டில் இருப்பவனைப் பட்டினி போடுகிற திட்டத்தில் முதலில் பசித்தது காட்டுக்குப் போகாதவனுக்குத்தான்.

இந்தச் சோற்றுக் கட்டுப்பாட்டைத் தண்டனையாகவும் பயன்படுத்தினார்கள். 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே குழாய்த்தண்ணீர் இணைப்பைச் சரிசெய்யப் போன குழு தாக்கப்பட்டுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். புதிதாக வந்திருந்த ஹை கமிஷனர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்து, ஊருக்கே நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு போட்டார். அரிசி ரேஷனைப் பாதியாகக் குறைத்தார். ‘மக்களின் மனதை வெல்வது’ என்ற பேச்சோடு சேர்த்து இன்றும் சொல்லப்படுகிற பெயர் இந்த டெம்ப்ளருடையது. மனதுக்கு முன்னால் வயிற்றில்தான் கை வைத்தார் என்பதைப் பாராட்டுரைகள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன.

அரிசி நின்றதும் கெரில்லாக்கள் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தோட்டம் போட்டார்கள். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம். ஜப்பான்காரன் காலத்தில் மலாயா முழுக்கத் தின்று சலித்த அதே மரவள்ளி. மரவள்ளியில் மாவு உண்டு, புரதமும் பி-1-உம் சொற்பம். பக்குவம் தப்பினால் அதிலுள்ள சயனைடு வேறு. தோட்டம் போட்டதும் அடுத்த சிக்கல்: மேலிருந்து பார்த்தால் கரும்பச்சைக் காட்டில் வெளிர்ப்பச்சைச் சதுரம் பளிச்சென்று தெரிந்தது. ஹெலிகாப்டரில் களைக்கொல்லி கொண்டுவந்து தெளித்தார்கள். 2,4,5-டி வகை மருந்து செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போல வேஷம் போடுவது. செடி அதை அடக்கத் தெரியாமல் முறுக்கிக்கொண்டு கண்டபடி வளர்ந்தே சாகும். அகன்ற இலைச் செடியான மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் விழுந்துவிடும். புல் குடும்பத்து மக்காச்சோளம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பதுங்கித் தாக்குகிறவர்களுக்கு மறைவு இல்லாமல் செய்யச் சாலையோரப் புதர்களிலும் தெளித்துப் பார்த்தார்கள். கணக்குப் போட்டதில் கூலியாள் வைத்து வெட்டுவதே மலிவு என்று தெரிந்து, 1953-இல் சாலையோரத் தெளிப்பைக் கைவிட்டார்கள். அரிவாள் ஜெயித்தது.

  

மலாயாவில் பட்டினி வேலை செய்தது. கெரில்லாக்கள் சண்டை போடுவதை விட்டுச் சோறு தேடுவதில் நாளைக் கழித்தார்கள். கூட்டம் சிறுசிறு குழுக்களாக உடைந்தது, சரணடைந்தவர்கள் பசியைச் சொன்னார்கள். சீனர்களுக்குக் குடியுரிமையும், 1957 ஆகஸ்ட் 31 அன்று நாட்டுக்கு விடுதலையும் வந்தபோது மிச்சமிருந்த காரணமும் கரைந்தது. சுமார் 6,700 கெரில்லாக்களும், 1,800-க்கு மேற்பட்ட பாதுகாப்புப் படையினரும், 2,400-க்கு மேற்பட்ட பொதுமக்களும் செத்த பிறகு 1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது.

இந்தச் சூத்திரம் எங்கும் பலிக்கும் என்று நினைத்தவர்கள் நிலத்தைப் பார்க்க மறந்தார்கள். ஒரு பேச்சுக்குத் திருச்சுழிப் பக்கத்தில் இதைச் செய்திருந்தால் என்ன ஆகும்? குண்டாற்றங்கரை முதல் கடைசிக் காடுவரை ஒவ்வொரு சம்சாரியும் தன் கம்பையும் சோளத்தையும் குதிரைவாலியையும் தானே விதைத்துத் தானே குலுக்கையில் கொட்டி வைத்தவர். எந்தத் துறைமுகத்தில் அந்தத் தானியத்துக்குக் கணக்கு எடுப்பது? எத்தனை கேட் போடுவது? குதிரைவாலி உமியோடு வருஷக்கணக்கில் கிடக்கும். ஒருபிடி கம்பை இடித்தால் கூழ்.

வியட்நாமில் நடந்தது ஏறக்குறைய இதுதான். மலாயாவில் பிரிக்ஸ் திட்டத்தில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் 1961-இல் சைகோனுக்கு ஆலோசகராகப் போனார். 1962-இல் அங்கே வேலிக் கிராமங்கள் ஆயிரக்கணக்கில் எழும்பின. மருந்து தெளிக்கும் யோசனை வந்தபோது, அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க், இது சட்டவிரோதமில்லை, பிரிட்டிஷ்காரர்கள் மலாயாவில் செய்ததுதான் என்று 1961 நவம்பரில் கென்னடிக்கு எழுதினார். சாலையோரத்தில் அரிவாளிடம் தோற்ற 2,4,5-டி, டயாக்ஸின் நச்சோடு ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ ஆகி லட்சக்கணக்கான ஏக்கரில் விழுந்தது. ஆனால் மெக்காங் கழிமுகம் மலாயா இல்லை. அங்கே அரிசி கப்பலில் வரவில்லை, காலுக்கடியில் விளைந்தது. வேலிக்கு உள்ளே அடைக்கப்பட்ட வீடுகளைவிட வேலிக்கு வெளியே கிடந்த வயல்களில் நெல் அதிகம். 1963 நவம்பரில் ஜனாதிபதி டியெம் கொல்லப்பட்டதும் அந்தக் கிராமங்களில் பல சில மாதங்களிலேயே கலைந்தன. கம்பியைப் பிடுங்கியவர்களில் உள்ளே குடிவைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.